நானூறு வருஷத்து மரம்

"தூக்காதே, தூக்காதே! சாய்ச்சுப் பிடி!" என்று சவப்பெட்டி தூக்குகிறவர்களைப் பார்த்து, சவ அடக்கம் நடத்த வந்த டெரெக் கத்தினார். அதற்குள் பெட்டியின் முனை வாசலின் குறுக்குச் சட்டத்தில் இடித்துவிட்டது.

சிரிப்பை அடக்க மேரியன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'ஏழு வாத்து' மதுவிடுதியில் அந்தச் சட்டத்தில் இடித்துக்கொண்டவர்களைப் பார்த்து, "நானூறு வருஷத்துக் கப்பல் மரம்யா! உன் மண்டைதான் உடையும்" என்று நாற்பது வருடம் கெக்கலித்தவர் விடுதிக்காரரான அவள் அப்பா வில்ஃப்ரெட். இன்றைக்கு அவரும் இடித்துக்கொண்டார்.

சட்டத்தில் ஓர் ஆணியைக்கூட யாரையும் தொடவிடமாட்டார். அம்மா எனிட் ஆறடி உயரம். இரு கையிலும் தட்டோடு நாளுக்கு நூறு தடவை குனிந்து போவாள். "வாசலைக் கொஞ்சம் உசத்தக் கூடாதா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். "உனக்காகச் சரித்திரத்தை வெட்டணுமா? குனிஞ்சு போடி" என்றார் அந்த மகானுபாவர். சாகப்போன ஆஸ்பத்திரியின் உயரமான கதவுகளிலும் அம்மா குனிந்துதான் நுழைந்தாள். மேரியன் அதை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

"மேடம், இது முழு மரமே இல்ல" என்றார் டெரெக்.

சட்டத்தின் ஒரு பக்கம் பிளந்து தொங்கியது. விரல் கனத்தில் நான்கு பலகை, மேலே கறுப்புச் சாயம். உள்ளே கசங்கிய செய்தித்தாள், 1934ஆம் வருடத்தது. உண்மையான உத்திரம் அதற்கு ஒன்றரை அடி மேலே இருந்தது.

"பழசாத் தெரியணும்னு பீர் கம்பெனிக்காரன் அடிச்சது" என்றார் பர்கிஸ். தினமும் மதியம் வருகிற கிழவர்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

பர்கிஸ் தன் கோப்பைக்குள் பார்த்தார். "உங்கப்பன் இதுக்கு மறுசாயம் பூசினப்ப ஏணியைப் பிடிச்சவன் நான்தாம்மா. தட்டிப் பாத்துச் சிரிச்சான். 'எனிட்கிட்ட சொல்லிடாதே'ன்னான்."

நான்கு பலகை. மேரியன் டெரெக்கிடம் திரும்பினாள்.

"பிச்சுப் போடுங்க."

"புராதனக் கட்டடம் மேடம், அனுமதி வாங்காம..."

"பிச்சுப் போடுங்கன்னேன்."

இரண்டே இழுப்பில் வந்துவிட்டது. டெரெக்கின் ஆட்கள் பெட்டியைத் தோளில் ஏற்றி, நிமிர்ந்து வெளியே போனார்கள்.

பலகைகளைத் தாண்டி மேரியனும் பின்னால் நடந்தாள். வாசல் வந்ததும், தலையைக் குனித்துக்கொண்டாள்.