பட்டாம்பூச்சிகளுக்குத் தாத்தா முறை

போன வருஷம் இதே டூரில் ஆவுடைத்தாய் பட்டாம்பூச்சியாகிவிட்டாள். மலைமேல் கண்ணாடிக் கூரை போட்ட பட்டாம்பூச்சி இல்லம் ஒன்று இருக்கிறது. அதற்குள் வைத்துத்தான் ஆனாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவளை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டூர் என்று போனால் ஒன்றிரண்டு இப்படி நடக்கத்தான் செய்யும். அதற்கு முந்தைய வருஷம் ஒரு டிரில் வாத்தியார் அருவியில் குளிக்கப் போய் அருவியோடேயே சேர்ந்துகொண்டார். அந்த அருவி இப்போதும் அவ்வப்போது தொண்டையைச் செருமுகிறது. சத்தம் கேட்டால் குளிப்பவர்கள் வரிசையாக நின்றுகொள்கிறார்கள்.

ஆவுடையின் கணவர் பால்வண்ணத்துக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கோவில்பட்டியில் பம்புசெட் மெக்கானிக். பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டில் அவருக்கு அவள், அவளுக்கு அவர், அவ்வளவுதான். இடையில் தனியாக இரண்டு தடவை போய்ப் பார்த்தார். டூர் இல்லாத நாட்களில் அந்த மலை அங்கே இருப்பதில்லை. வெறும் பொட்டலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அதனால் ஒரு வருஷம் பொறுத்திருந்து இந்த டூரில் சேர்ந்துகொண்டார். ஆவுடையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். வேறு எந்த இடத்தையும் சுற்றிப் பார்க்கிற எண்ணம் அவருக்கு இல்லை.

பஸ்ஸில் எதிர் வரிசையில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். அதே தெருவுக்காரி. பக்கத்து வீட்டு மனுஷி என்றால் எல்லாவற்றையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

"அண்ணாச்சி, மதினிக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டீகளா?"

"எடுத்தாச்சு."

"றெக்கைக்கு மேலயே போட்டுக்கிடுவாகளா?"

"அவ கிட்டயே கேட்டுக்கிடலாம் தாயி."

தங்கபுஷ்பம் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டாம்பூச்சி இல்லத்துக்கு இரண்டு கதவுகள். முதல் கதவு சாத்திய பிறகுதான் இரண்டாம் கதவு திறக்கும். உள்ளே இருப்பவை வெளியே பறந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நடுவில் உள்ள இடத்தைப் போன வருஷம் ஆவுடையும் அவரும் ஒரே மூச்சில் கடந்தார்கள். இந்த வருஷம் அது நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் அதில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பால்வண்ணம் சாப்பிடவில்லை. ஆவுடை வந்த பிறகு சாப்பிடலாம் என்றார்.

உள்ளே, சோறு வடிக்கிற நேரத்து அடுக்களை மாதிரி புழுக்கமாக இருந்தது. தட்டுத் தட்டாகக் கனிந்த வாழைப்பழம் வைத்திருந்தார்கள். கூரை வரைக்கும் பட்டாம்பூச்சிகள். கறுப்பு, மஞ்சள், பெயர் தெரியாத ஒரு நீலம்.

"ஆவுடை," என்று கூப்பிட்டார்.

எல்லாப் பட்டாம்பூச்சிகளும் அப்படியப்படியே உட்கார்ந்து இறக்கையை மூடிக்கொண்டன. கேட்டுவிட்டாள், இங்கேதான் இருக்கிறாள்.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள். பியூலா என்று சட்டையில் எழுதியிருந்தது. அங்கே வேலை பார்ப்பவள்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

"வீட்டுக்காரிய."

"எப்ப விட்டுட்டுப் போனீங்க?"

"போன டூருக்கு."

பியூலா பழத்தட்டை நேராக நகர்த்தி வைத்தாள். அது முன்பே நேராகத்தான் இருந்தது.

"பட்டாம்பூச்சிக்கு ஆயுசு ரெண்டு மூணு வாரம் சார். நல்லாப் பார்த்துக்கிட்டா இன்னும் ஒரு வாரம் கூட வரும்."

"அவ தெம்பா இருப்பா. சீக்குன்னு ஒரு நாள் படுத்ததில்ல."

"எல்லாரும் தெம்பாத்தான் சார் இருப்பாங்க."

"அப்போ இதெல்லாம் யாரு?"

"அவங்க பேரன் பேத்திங்க. பேத்திக்குப் பேத்தி. வந்த மறுவாரமே அந்தக் கறிவேப்பிலைச் செடியில முட்டை வச்சாங்க."

பால்வண்ணம் கூரை வரைக்கும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்களுக்குப் பிள்ளை இல்லையேம்மா."

"இப்ப இருக்கே சார்."

இருந்தது. பூவரச இலையளவு ஒன்று, புளியிலையளவு ஒன்று, குரோட்டன்ஸில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒன்று. ஆவுடை கோயில் கோயிலாக ஏறி இறங்கியதும், டாக்டர் வீட்டு வராந்தாவில் காத்துக் கிடந்ததும், வளைகாப்பு வீடுகளில் பின்வரிசையில் நின்றதும் அவருக்குத் தெரியும். கடைசியில் மலைக்கு வந்து, மறுவாரமே, ஒரு வார்த்தை அவரைக் கேட்காமல் பெற்றுப் போட்டிருக்கிறாள்.

"உங்களுக்கு இதுங்க என்ன முறை வேணும் சார்?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எப்படிச் சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

"தாத்தா முறை," என்றார்.

அப்பா என்றே யாரும் கூப்பிட்டறியாத மனிதர். வாய்விட்டுச் சொன்னதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படி ஒரு இழவெடுத்த சந்தோஷம் எதிரிக்கும் வரக் கூடாது. ஒரு கறுப்புக்குட்டி வந்து அவர் சட்டைப் பொத்தானில் உட்கார்ந்தது. இடது இறக்கையை மட்டும் இழுத்து இழுத்துச் சரிசெய்தது. ஆவுடை முந்தானையை அப்படித்தான் இழுத்துக்கொள்வாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"அவ இப்ப எங்க இருக்கா?"

"காலையில கூட்டிடுவோம் சார். மெதுவான தொடப்பம்தான்."

"கூட்டி?"

"செடிக்கு அடியில போட்டுருவோம்."

இருவரும் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார்கள். ஆள் உயரத்துக்கு வந்திருந்தது.

"நல்லா வளந்திருக்கு," என்றார் பால்வண்ணம்.

"ஆமா சார். நல்ல வாசம்."

அவர் பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தார். செடியின் கிளைகளைக் கை நுழைப்பது போல ஒவ்வொன்றாக நுழைத்து மாட்டினார். பொத்தான்களைப் போட்டுவிட்டார். மேல் பொத்தானைப் போடாமல் விட்டார். கழுத்தை இறுக்கினால் அவளுக்குப் பிடிக்காது.

இவ்வளவு நடந்தும், அவள் செத்துப்போனாள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பியூலாகூடச் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று பால்வண்ணம் முடிவு கட்டிக்கொண்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருப்பதென்றாலும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லித்தான் எழுந்திருப்பார்கள். கடைக்காரர் கவனிக்கவில்லையென்றால் பாய்லரிடமாவது சொல்லிவிட்டு வருவார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் சொல்ல மாட்டார்கள். எழவு வீட்டில். அங்கே வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல், வாய் திறக்காமல், சட்டென்று எழுந்து போய்விட வேண்டும்.

ரிட்டையரான தாசில்தாரும் அவர் மனைவியும் பால்வண்ணத்தைத் தாண்டிக் கதவுக்குப் போனார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து அரிசிக்கடைக்காரர் போனார். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

பால்வண்ணத்துக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றுகொண்டார். ஒரே ஒரு ஆள் முறையாகச் சொல்லிக்கொண்டு போனால் போதும். அப்புறம் இது எழவு வீடு இல்லை. ஆவுடை இருக்கிறாள்.

தங்கபுஷ்பம் வந்தாள். ராங் நம்பரில் பேசியவரிடம்கூட "வச்சிரட்டுமா?" என்று கேட்டுத்தான் போனை வைப்பவள்.

"கிளம்பியாச்சா தாயி?"

அவள் புளியோதரைப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லிட்டுப் போ. ஒரு வார்த்தைதான். உனக்கென்ன குறைஞ்சிரும்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து போய்விட்டாள்.

டூர் நடத்துகிற ராசையா வந்தான். ஏறியதிலிருந்து இறங்குகிற வரை வாய் ஓயாதவன்.

"ராசையா, நீ கூட்டிட்டு வந்தவன். நீ சொல்லணும்."

ராசையா கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டான். பிறகு அவனும் போனான்.

கடைசியாக ஒரு புதுக் கல்யாண ஜோடி. பெண் மதுரையில் படித்தவள். அவளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. சிரித்த முகமாக வந்தாள்.

"நாங்க போயிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

புருஷன் வெடுக்கென்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். கதவு சாத்திக்கொண்டது. மீதி வார்த்தை வருமா என்று பால்வண்ணம் கதவில் காதை வைத்துக் காத்திருந்தார். வரவில்லை. பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பஸ் தெரிந்தது. டிரைவர் படிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தார். ஏறுகிறவர்கள் காலில் ஊற்றிக்கொண்டு ஏறினார்கள்.

அப்போதுதான் அவர் அழுதார். ஒரு வருஷத்து அழுகையும் சேர்த்து, வெட்கத்தை விட்டு, "என்னை விட்டுட்டுப் போயிட்டியே ஆவுடை" என்று வாய்விட்டு அழுதார். பட்டாம்பூச்சிகள் இறங்கி வந்து அவர் கன்னத்தில் மொய்த்தன. கண்ணீரில் உள்ள உப்பு அவற்றுக்குப் பிடிக்கும் என்று பியூலா சொன்னாள். பேரப்பிள்ளைகள்தானே என்று அவர் தடுக்கவில்லை. வயிறு நிறையட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுதார்.

பியூலா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். சட்டைக் காலரில் இருந்ததை, முதுகில் இருந்ததை, காதோரம் இருந்ததை ஒவ்வொன்றாக விரலில் ஏற்றி எடுத்தாள்.

"யாரையும் கூட்டிட்டுப் போகக் கூடாது சார்."

"ஒண்ணே ஒண்ணும்மா. வீடு சும்மாதான் கிடக்கு."

"வெளிய குளிர் சார். தாங்காது."

அவர் தலையாட்டினார். சின்னஞ்சிறிசுகள். சொல்வது நியாயம்தான்.

கதவைத் திறக்கக் கை வைத்தவர் நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து, முக்குக் கடையில் தீப்பெட்டி வாங்கப் போனாலும் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுக்காமல் அவர் வாசலைத் தாண்டியதில்லை. "போயிட்டு வாரேன் ஆவுடை." அவள் குளித்துக்கொண்டிருந்தால் செம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அது கேட்ட பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

இப்போதும் அந்த வார்த்தை தானாகத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் ஒரு இறக்கைச் சத்தம்கூட இல்லை. எல்லாம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது.

பால்வண்ணம் எச்சிலைக் கூட்டி விழுங்கினார். தலையைக் குனிந்துகொண்டார். திரும்பிப் பார்க்காமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.