முத்திரைக்கு வலது பக்கம்

மார்லா ஸ்டிட் அந்த பேஸ்பால் மட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்த்தாள். வெர்னன் டாக்கெட்டுக்கு அதுவே பிடிக்கவில்லை. மீன் வாங்க வந்தவள் மாதிரி என்ன மோப்பம் என்று நினைத்தார். ஆனால் பழைய மட்டைகளைச் சோதித்துச் சான்று சொல்லும் அவள் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் இல்லாமல், அவர் இளவயதில் ஆடிய ஹார்லன் ஃபால்ஸ் அணிக்காரர்கள் மட்டையை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். புது மைதானத்து வாசலில் கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். எழுபத்தொன்றாம் வருஷத்து அணிக்கு என்று ஒரே ஒரு மட்டைக்குத்தான் இடம். மட்டைக்குக் கீழே ஒரு அட்டை, அதில் ஒரு பெயர். அந்தப் பெயர் தன் பெயராகத்தான் இருக்கும் என்று வெர்னன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, திறப்பு விழாவுக்குப் பதினாலு பேருக்கு டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது.

லூயிவில்லில் வருஷா வருஷம் நடக்கும் பழம்பொருள் சந்தை அது. மார்லா மட்டையைத் தராசில் வைத்தாள், அளவெடுத்தாள், விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.

"கம்பெனி முத்திரையில ஊர்ப் பேருக்குக் கீழ கோடு இருக்கு. இந்தக் கோட்ட நாலு வருஷம்தான் போட்டாங்க. அறுபத்தொம்பதுலேர்ந்து எழுபத்திரண்டு. பிடியோட அடிக் குமிழ்ல பதினாலுன்னு மையில எழுதியிருக்கு. உங்க நம்பரா சார்?"

"என் நம்பர்தான். என் கையெழுத்துதான். சந்தேகமா?"

"கேக்கறது என் வேலை சார். நீங்க வலது கை ஆட்டக்காரர்தானே?"

"ஆமா."

"ஒரு தடவகூட இடது கைல ஆடினதில்ல?"

"சோறு திங்கக்கூட இடது கைய எடுக்க மாட்டேன்."

"மட்டையப் புரட்டிப் பிடிச்சு அடிச்சிருக்கீங்களா?"

வெர்னனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "ஏம்மா, அடிக்கும்போது முத்திரை வானத்தப் பாக்கணும். அது எட்டு வயசுப் பையனுக்கே தெரியும். இல்லேன்னா மட்டை உடையும். நான் ஒரு நாளும் புரட்டினதில்ல. வேணும்னா அதையும் எழுதிக்கோ."

அவள் உண்மையிலேயே எழுதிக்கொண்டாள். பிறகு மட்டையின் பிடியை அவர் பக்கம் திருப்பி, முத்திரை மேலே தெரியும்படி வைத்தாள்.

"இப்படி வச்சா, வலது கைக்காரர் அடிச்ச பந்தோட தடம் முத்திரைக்கு இடது பக்கம்தான் விழும். இதோ, நிறைய இருக்கு. எல்லாம் உங்களோடது. இப்ப இந்தப் பக்கம் பாருங்க." விளக்கை நகர்த்தினாள். வலது பக்கம், நுனிக்குக் கொஞ்சம் கிட்ட, தையல் அச்சோடு வட்ட வட்டமாகத் தடங்கள். "இது வேற ஆளு. இடது கைக்காரர். யாரு சார் அது?"

வெர்னன் குனிந்து பார்த்தார். ஐம்பத்தோரு வருஷமாக வீட்டில் இருக்கும் மட்டை. அந்தப் பக்கத்தில் தடம் இருந்ததை அவரும் பார்த்திருக்கிறார். மட்டை என்றால் தடம் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மார்லா எதார்த்தமாகத்தான் சொன்னாள். "உங்க டீம்காரர் ஒருத்தர் அந்தக் கோடியில ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு இருக்காரே, லைல் ஹென்ஸ்லி. அவர் இடது கைதானே? அவரோட தடம்னு அவரே எழுதிக் குடுத்தா கதையே வேற. உங்க பேர்ல இதுக்கு இருநூறு டாலர் சொல்லலாம். அவர் பேர்ல அஞ்சாயிரம். பெட்டில வைக்கிறவங்களும் அவர் பேரத்தான் பெருசாப் போடுவாங்க."

லைல் ஹென்ஸ்லி. பெரிய லீக்கில் ஒன்பது வருஷம் ஆடியவன். அதற்கு முன்னால் ஹார்லன் ஃபால்ஸ் என்ற சின்ன அணியில் வெர்னனோடு ஒரே அறையில் தங்கியவன்.

அந்த ஜூலை மாதம் வெர்னன் தொட்டதெல்லாம் அடியாக விழுந்தது. இந்த மட்டையால்தான். ஒரு மட்டைக்குள் இத்தனை அடிதான் இருக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று அந்த அணியில் எல்லோரும் நம்பினார்கள். அதனால் பயிற்சிக்குக்கூட அவர் அதை எடுக்கமாட்டார். யாரையும் தொடவிடமாட்டார். மாதக் கடைசியில் கணுக்கால் வீங்கி நாலு நாள் விடுதியில் படுத்துவிட்டார். அணி வெளியூர் கிளம்பியது. அணியின் மட்டைப் பைக்குள் போட்டால் எவனாவது எடுத்துவிடுவான் என்று பயந்து, மட்டையை லைலிடம்தான் கொடுத்தார். பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கு என்றார்.

அந்த நாலு நாளில்தான் பெரிய லீக் அணியிலிருந்து ஆள் பொறுக்க ஒருவன் வந்து பார்த்தான். ஆகஸ்டில் லைலை மேலே கூப்பிட்டார்கள். ஆகஸ்டில் வெர்னனுக்கு ஒரு அடிகூட விழவில்லை. அடுத்த வருஷம் பீர் லாரி ஓட்டப் போய்விட்டார்.

மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மார்லா பின்னாலிருந்து "சார், தாள் இன்னும் முடியல" என்றது காதில் விழவில்லை.

லைலிடம் கையெழுத்து வாங்கும் வரிசைக்கு டிக்கெட் வாங்க வேண்டுமாம்.

"படம்னா இருபது, மட்டைன்னா நாப்பது" என்றாள் மேசையிலிருந்த பெண்.

"நான் கையெழுத்து வாங்க வரலம்மா. அவனத் திட்ட வந்திருக்கேன்."

"அதுக்கும் வரிசைல நிக்கணும் சார். கைல மட்டை இருக்கறதால நாப்பது."

நாற்பது டாலரைக் கொடுத்துவிட்டு இருபது பேருக்குப் பின்னால் நின்றார். கோபத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது போல ஒரு கொடுமை கிடையாது. முன்னால் நின்றவன் வேறு, லைல் எவ்வளவு நல்ல மனுஷன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தான்.

லைலுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "டேய் வெர்ன். நீ இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"எத்தனை?"

"என்னடா எத்தனை?"

வெர்னன் மட்டையை மேசைமேல் வைத்தார். லைலின் இடது கை தானாகப் போய்ப் பிடியைப் பிடித்தது, முத்திரையை மேலே திருப்பியது. அப்புறம்தான் அவன் முகத்தில் சிரிப்பு நின்றது.

"பதினொண்ணு" என்றான்.

"பதினொண்ணு."

"நாலு ஆட்டத்துல பதினொரு அடி. என் மட்டை ரெண்டும் முதல் நாளே உடைஞ்சு போச்சு. வேற எத எடுக்கச் சொல்ற?"

"வேற யாரோடதையாவது எடுத்திருக்கணும். நான் உன்ட்ட காவலுக்குடா குடுத்தேன். பத்திரமாப் பாத்துக்கிட்டதுக்கு உனக்கு ஸ்டேக் வேற வாங்கிக் குடுத்தேன். அதையும் உக்காந்து தின்ன."

"நல்லா இருந்துச்சு, அதுவும் ஞாபகம் இருக்கு." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "வெர்ன், மட்டைக்குள்ள ஒண்ணும் கிடையாதுடா. மரம் அது. உனக்கு வளையிற பந்து அடிக்க வராது. ஆகஸ்ட்டுல எல்லாப் பயலும் அதக் கண்டுபிடிச்சிட்டான். அவ்வளவுதான்."

அது உண்மையாக இருக்கலாம். வெர்னனுக்கே பல தடவை தோன்றியதுண்டு. ஆனால் அதைச் சொல்ல உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் உரிமை உண்டு, இவனுக்குக் கிடையாது.

"எனக்கு வளையிற பந்து வராது. சரி. உனக்குக் கேக்க வராது. 'வெர்ன், ஒரு தடவை எடுத்துக்கறேன்'. இந்த ஒரு வார்த்தை. கேட்டிருந்தா மாட்டேன்னிருப்பேன். அதனாலதானே கேக்கல?"

வரிசையில் இரண்டு பேர் கைபேசியைத் தூக்கினார்கள். லைல் அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்தான். "சரி விடுடா. குடு, நல்லதா எழுதித் தரேன். காசு வேண்டாம். என் நண்பன் வெர்ன் டாக்கெட்டுக்குன்னு போடறேன். அப்புறம் என்ன வெல போகும்னு பாரு."

பேனா முனை மரத்தைத் தொடுவதற்குள் வெர்னன் மட்டையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உன் பேர் இதுல விழக்கூடாது."

"அஞ்சாயிரம்டா மடையா."

"பதினொண்ணு எடுத்துட்ட. போதும்."

மார்லாவின் மேசைக்குத் திரும்பினார். நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார்.

"யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

"தெரியல."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்க போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது."

"கேட்டத எழுதுவியா?"

"மாட்டேன். ஆட்டக்காரர் கையால எழுதிக் குடுத்தாத்தான் பேரப் போடுவேன். குடுத்தாரா?"

"இல்ல."

"அப்ப நான் கண்ணால பாத்தது மட்டும்தான் தாள்ல வரும்."

"அதையே போடு. கண்ணாடிப் பெட்டி அட்டையிலயும் அதேதான் வரணும், ஒரு எழுத்து மாறக்கூடாது."

அவள் தட்டச்சு செய்தாள். வெர்னன் நின்றபடியே ஒவ்வொரு வரியாக வாசித்தார். வெர்னன் டாக்கெட் பயன்படுத்திய மட்டை, 1971. இடது பக்கத்துத் தடங்கள் அவருடையவை. வலது பக்கத்துத் தடங்கள், அடையாளம் தெரியாத ஓர் இடது கை ஆட்டக்காரருடையவை. மதிப்பு இருநூறு டாலர்.

கடைசி வரிக்கு முந்தின வரியை மட்டும் இன்னொரு தடவை வாசித்தார். ஒன்பது வருஷம் பெரிய லீக். அடையாளம் தெரியாத ஆள்.

"திறப்பு விழாவுக்கு அவரையும் கூப்பிட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் மார்லா, தாளை நீட்டியபடி.

"வரட்டும். அவனுக்குப் படிக்கத் தெரியும்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே நடந்தார். பாதி வழியில் நின்று, டிக்கெட் மேசைக்குத் திரும்பிப் போனார்.

"நான் கையெழுத்து வாங்கல. என் நாப்பது டாலரக் குடு."

"பணம் திரும்பத் தர மாட்டோம் சார். போர்டுல எழுதியிருக்கு."

"என்னக் கேக்காம வச்சுக்கலாமான்னு அவனையே போய்க் கேளு" என்றார் வெர்னன். "எடுத்துக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்னு அவனுக்கு இன்னிக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."