பேசச் சொன்ன அறை

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதைவிட ஒரு பேருந்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது சுலபம். பேருந்தாவது எதிர்த்துப் பேசாது. அவர் ஓட்டுவதும் பேருந்துதான். நகரப் பேருந்து, காலைப் பணி.

அவருக்குத் திடீர் திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கொஞ்ச நேரம்தான். முதல் முறை அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்து தரையெல்லாம் தண்ணீர். அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த முறை பேருந்தில். நல்லவேளை, வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, அண்ணன் தூங்கிட்டாரு என்று கிண்டல் செய்தாராம். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட போயிடலாங்க."

"போனா வண்டி ஓட்டக் கூடாதுன்னு அவரு எழுதிக் குடுப்பாரு. குடுத்தா டிப்போவுல வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. அப்புறம்? உன்கூட உக்காந்து துணி மடிக்கவா?"

துணி மடிப்பது என் வேலை. பல்கலைக்கழக விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குகிறேன். அந்த வேலையை அவர் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதோடு விட்டாரா? என் வலது கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்து, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சத்தியம், சாபம் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். ஆனால் கை வைத்தது அவர் தலையில். நான் மீறிவிட்டு, மறுநாள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவேன்?

அந்த நிலையில்தான் விடுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தேன். உளவியல் துறையின் ஆய்வுக்கு, கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆன தம்பதிகள் தேவை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். பேசும்போது இதயத் துடிப்பு பதிவு செய்யப்படும்.

இதயத் துடிப்பு என்று படித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒயரை மாட்டினால் மெஷின் கண்டுபிடித்துவிடும். மெஷின் சொன்னால் நான் சொன்னதாக ஆகாது.

"எதுக்கு இதெல்லாம்? சும்மா பேசறதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றார்.

"நீங்க வாயத் திறந்து பேசறது அதிசயம்ல. அதான் ஆராய்ச்சி பண்றாங்க."

என் நச்சரிப்பு தாங்காமல்தான் வந்தார். சின்ன அறை. ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு நாற்காலிகள், நடுவே குட்டி மேசை, அதில் மூக்குச் சிந்தக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஒரு சுவரில் பெரிய கண்ணாடி, மூலையில் கேமரா. ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒல்லியான பெண். இருவர் விரலிலும் கிளிப் மாட்டினாள், அவர் சட்டைக்குள் ஒயர் ஒட்டினாள். கூச்சத்தில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நெஞ்சுல ஏதாவது கோளாறு இருந்தா இது காட்டிடுமா?"

"இல்லக்கா, இது வைத்தியத்துக்கான மெஷின் இல்ல. கோவம் வந்தா துடிப்பு எவ்வளவு ஏறுதுன்னு பாக்கத்தான்."

என் திட்டத்தில் மண் விழுந்தது. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "உங்களுக்குள்ள ஒத்துப்போகாத விஷயம் ஏதாவது ஒண்ண எடுத்துப் பேசுங்க. நான் கண்ணாடிக்குப் பின்னாலதான் இருப்பேன். எல்லாம் பதிவாகும்."

கதவு மூடியது. எல்லாம் பதிவாகும் என்ற வார்த்தை மட்டும் என் காதில் நின்றது. நான் பேசப் போவது யாரிடம்? அவரிடம். அவருக்குத் தெரிந்ததை அவரிடமே சொன்னால் சத்தியம் எப்படி உடையும்? அதைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் கேட்டால் நான் என்ன செய்ய முடியும்?

"நீங்க பஸ் ஓட்டறீங்க," என்று ஆரம்பித்தேன், செய்தி வாசிப்பவள் மாதிரி.

"எனக்கே சொல்றியா?"

"உங்களுக்குக் கண்ணு இருட்டுது. டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறீங்க. பஸ் நெறய ஜனங்க இருக்காங்க."

அவர் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். ஒயரையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கமாக முணுமுணுக்கிற மனுஷன், தெளிவாக, சத்தமாகப் பேசினார்.

"ஆமா. இருட்டுது. போன வாரமும் வந்துச்சு. உன்கிட்ட சொல்லல. பாலத்து மேல வண்டி ஓடிக்கிட்டு இருந்தப்போ. கண்ணு தெளிஞ்சப்போ வண்டி கைப்பிடிச் சுவரு ஓரமா போயிட்டு இருந்துச்சு. பின்னால ஒருத்தருக்கும் தெரியல. ஒரு குழந்த பாட்டுப் பாடிக்கிட்டு இருந்துச்சு." விரலில் கிளிப் ஆடியது. "எனக்குப் பயமா இருக்கு. ஆனா நானா போயி சாவியக் குடுக்கக் கை வர மாட்டேங்குது."

பயம் என்ற சொல்லை இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. காகிதப் பெட்டி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

நேரம் முடிந்து அந்தப் பெண் கதவைத் தட்டினாள். ஒயர்களைக் கழற்றியதும் அவர் முகம் கழுவப் போனார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டியாம்மா?"

"என்னக்கா?"

"நாங்க பேசினத."

"ஐயோ, பயப்படாதீங்கக்கா!" என்று என் தோளைத் தொட்டாள். "நாங்க கேக்கவே மாட்டோம், கேக்கவும் கூடாது. வார்த்தையெல்லாம் மெஷினே அழிச்சிடும். குரல் ஏறி இறங்கறது கோடு கோடா ஸ்கிரீன்ல வரும், அவ்வளவுதான். என்ன பேசினீங்கன்னு எங்களுக்கு வேணாம், எப்படிப் பேசினீங்கன்னுதான் வேணும்."

ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தி அவள் முகத்தில். அப்படியானால் இப்போது சொல்கிறேன், கேள் என்று வாயெடுத்தேன். உள்ளங்கையில் அவர் தலைமுடி சொரசொரவென்று பட்டது போல இருந்தது. உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. அவர் முகத்தைத் துடைத்தபடி வந்துவிட்டார்.

"ரொம்ப அழகா பேசினீங்க," என்றாள் அவரிடம். "ஒருத்தர் பேசறப்போ இன்னொருத்தர் குறுக்க வரவே இல்ல."

அன்று சாயங்காலம் அவர் வேறு ஆளாக இருந்தார். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மடித்து வைத்திருந்த துணியைத் தானே அலமாரியில் அடுக்கி, அதையும் தப்பாக அடுக்கி, நான் திட்டியதற்குச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு பாவம்," என்றார். "கேட்டுட்டு சும்மா இருக்க முடியாதுல்ல? மேல சொல்லித்தான் ஆகணும். டிப்போவுக்கு இந்நேரம் போன் போயிருக்கும்."

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"எதுக்குக் கோவம்? நானும் சொல்லல, நீயும் சொல்லல. தானா நடக்குது. நடக்கட்டும்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவோ நாள் கழித்து அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

காலையில் சீருடை போட்டுக்கொண்டு, போனை மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. ஷூவை மெதுவாக மாட்டினார். கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"போன் வரலையே. அவங்க கேட்டாங்கல்ல?"

"யாரும் கேக்கலீங்க. வார்த்தையெல்லாம் அந்த மெஷின் அழிச்சிடுமாம். வெறும் கோடு மட்டும்தான் தெரியுமாம்."

"ஓ," என்றார். அவ்வளவுதான். என்னை முறைக்கக்கூட இல்லை. முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னிக்குப் போகாதீங்க."

"லீவு சொல்லலையே."

"அப்ப நான் செஞ்ச சத்தியத்தையாவது திருப்பி எடுத்துக்கங்க." வலது கையை அவர் முன்னால் நீட்டினேன். "சொல்லிக்கோன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். உதடு அசைந்தது. கையைப் பிடிக்க வருகிறார் என்றே நினைத்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

"வந்து பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தினமும் முதல் நடையில் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது எனக்காக ஒரு தடவை ஹாரன் அடிப்பார். சின்னதாக, மற்றவர்களுக்குத் தெரியாத மாதிரி. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். நான் டிப்போ எண்ணைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். அழுத்த வேண்டியது ஒரு விரல்தான். வலது கை என்னுடையது போலவே இல்லை.

ஹாரன் கேட்டது. இனி அடுத்தது பாலம்.