டொயில் என்ற பெயரும் அல்பேட் என்ற கல்லும்

கல்லில் அல்பேட் என்று இருந்தது.

பெரிய இத்தாலிய எழுத்துகள். ஆழமாக வெட்டி உள்ளே கறுப்பு பூசியிருந்தார்கள். அதற்குக் கீழே, பாதி அளவில், தர்சனா. பிறகு பிறந்த வருடம், 1996, ஒரு சிலுவை. அவ்வளவுதான்.

பிறின்ஸ் கொண்டுவந்த பூக்களைத் தரையில் போட்டான். பளிங்கின் விளிம்பில் விரல்களைச் செருகி இழுத்தான். நாலு மூலையிலும் பித்தளைத் திருகாணி இறுக்கியிருந்தது. கல் அசையவில்லை. நகம்தான் பிய்ந்தது.

"என்ன தம்பி செய்யிறாய்? காலில விழுத்தப் போறாய்!" ஸ்ரெல்லா அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரேத்தோத் தெரு வீடுகளில் மாடிப்படி கழுவுகிறவள். தர்சனாவோடு ஒரே அறையில் இருந்தவள். பிறின்ஸும் தர்சனாவும் முடித்த கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

"ஆர் அக்கா இதைப் பூட்டினது?"

"எனக்கென்ன தெரியும்? நல்ல கல்லுத்தானே."

"ஆற்ற பேர் இது?"

"அவளின்ர தேப்பன்ர பேர். உனக்குத் தெரியாததே?"

"அப்ப உள்ளுக்குக் கிடக்கிறது ஆர்? தேப்பனே?"

ஸ்ரெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

இறந்தவர்களின் திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான். பலெர்மோ முழுவதும் செவ்வந்திப்பூவோடு இங்கே வந்து நின்றது. சுவர் நிறையப் பெட்டி பெட்டியாகக் கல்லறைகள். இரண்டு கிழவிகள் ஒவ்வொரு கல்லாக வாசித்துக்கொண்டு வந்தார்கள். தர்சனாவின் கல்லுக்கு முன்னால் நின்றார்கள்.

"அல்பேட்," என்று ஒருத்தி வாசித்தாள். "பாவம், சின்னப் பையன்."

பிறின்ஸ் அவர்களைப் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்கள்.

தர்சனாவின் பெட்டியைச் சுவருக்குள் தள்ளி வாயைச் சீமெந்தால் அடைத்த அன்று, சீமெந்து காய முதல், அவன் ஒரு ஆணியை எடுத்து அதில் தர்சனா என்று கீறியிருந்தான். தமிழில். அது இப்போது இந்தக் கல்லுக்குப் பின்னால் இருந்தது.

கடவுச்சீட்டில் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் இருக்கும். ஊரில் அது ஒரு எழுத்து, அதை யாரும் கூப்பிடுவதில்லை. இத்தாலிக்காரனுக்கு அதுதான் குடும்பப் பெயர். அதைத்தான் கூப்பிடுவான். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போனால் பிறின்ஸை "வலன்ரைன்" என்பார்கள். செத்துப்போன தகப்பனுக்காக அவன் எழும்பிப் போவான். தர்சனாவை "அல்பேட்" என்பார்கள். "இந்தா, அப்பர் வாறார்," என்று சிரித்துக்கொண்டு அவளே எழும்பிப் போவாள். அந்தப் பெயருக்கு எழும்புகிற வேலை அவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

செப்ரெம்பரில் ஒரு மத்தியானம் தலையிடிக்குது என்று சொன்னவள் சமையலறையிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அவனை வெளியே வாங்கில் இருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு தாதி கதவைத் திறந்து, "அல்பேட்! அல்பேட்டின் ஆட்கள் யார்?" என்றாள். ஒருவரும் எழும்பவில்லை. திரும்பவும் வந்தாள். மூன்றாம் முறை எரிந்து விழுந்தாள். பிறின்ஸும் மற்றவர்களோடு சேர்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். நோயாளியை இங்கே போட்டுவிட்டு எங்கே போய்த் துலைந்தார்கள் இந்த அல்பேட்டின் ஆட்கள் என்று அவனுக்கே கோபம் வந்தது. தாதியின் பின்னால் திறந்திருந்த கதவிடுக்கில் தர்சனாவின் பச்சைச் செருப்பைக் கண்டபோதுதான் எழும்பி ஓடினான்.

அந்தத் தாமதத்தால் ஒன்றும் ஆகவில்லை, மூளையில் கசிந்த இரத்தம் அவ்வளவு, என்று வைத்தியர் பிறகு சொன்னார். அவன் அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை.

அல்பேட் உயிரோடு இருந்தான். மன்னாரில் மீன் வாடி வைத்திருந்தான். தன்னைக் கேட்காமல் மகள் பலெர்மோவில் கலியாணம் முடித்தாள் என்று கேள்விப்பட்டதும் கோயில் வாசலில் நின்று, "எனக்கு ரண்டு பொம்பிளப் பிள்ளையள்தான்," என்று சொன்னவன். மூன்று பேரைப் பெற்றவன். சாவீட்டுச் செய்தியைச் சொல்லப் பிறின்ஸ் ரெலிபோன் எடுத்தபோது அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "என்ன வருத்தம் எண்டு இஞ்சை ஆக்களுக்குச் சொல்லுறது?"

கல்லறைக் காவல்காரனிடம் விசாரித்தபோது அவன் சந்தோசமாகச் சொன்னான். "அயர்லாந்துக்கார சிஞ்ஞோரா அனுப்பினார். அன்பளிப்பு. அதிர்ஷ்டக்காரன் நீ." சிஞ்ஞோரா என்றால் பிறின்ஸ் வேலை செய்கிற வீட்டு அம்மா.

"அக்கா, நீங்க வீட்டை போங்கோ," என்றான் பிறின்ஸ்.

"நீ எங்க போறாய்?"

"வேலைக்கு."

"இண்டைக்கு உனக்கு வேலை இல்லையே."

"இப்ப இருக்கு."

பஸ்ஸில் அவன் கதவோரம் நின்றான். மரக்கறிக் கூடையோடு ஏறிய ஒருவன், "உள்ளே போடா கறுப்பா," என்று முழங்கையால் இடித்தான். மற்ற நாளென்றால் உள்ளே போயிருப்பான். இன்று போகவில்லை. அந்த ஆள் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கத்தால் போனான்.

சிஞ்ஞோராவின் வீட்டுக் கதவில் பித்தளைத் தகடு. டொயில். வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைத்து மினுக்குவது பிறின்ஸின் வேலை. அதற்கு முன் தர்சனாவின் வேலை. சிஞ்ஞோராவின் புருசன் பலெர்மோவில் பெரிய வழக்கறிஞர், செத்துப் பல வருடம். இந்த நாட்டில் கட்டின பொம்பிளை பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. சிஞ்ஞோரா இங்கிலிஷ் படிப்பிக்க வந்த இடத்தில் கலியாணம் முடித்து, புருசனின் வீட்டை எடுத்தாள், மாமியாரை எடுத்தாள், பெயரை மட்டும் எடுக்கவில்லை.

அந்தப் பெயரை வைத்துத்தான் அவள் வாழ்ந்தாள். நடையில் அயர்லாந்து வரைபடம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது. டொயில்கள் இருக்கும் இடமெல்லாம் சிவப்புக் குண்டூசி. தென்கிழக்குப் பக்கம் முழுவதும், வெக்ஸ்போர்ட், விக்லோ, கார்லோ என்று, ஊசி வைக்க இடமில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் அதே கதை. ஆயிரம் வருடத்துக்கு முன் வடகடலால் கப்பலில் வந்து கொள்ளையடித்தவர்கள். கரையில் நின்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் டூகால். டூ என்றால் கறுப்பு. கால் என்றால் அந்நியன். தோல் கறுப்பில்லை, தலைமயிரோ கவசமோ, அது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. டூகாலின் வம்சம்தான் டொயில். அந்த நாட்டில் ஆகக் கூடின பேருக்கு இருக்கிற பெயர்களில் ஒன்று.

"கறுத்த அந்நியன்! நாங்கள் சொந்தக்காரர்," என்று சொல்லித் தர்சனாவின் கையில் தட்டுவாள் சிஞ்ஞோரா. தர்சனா வீட்டுக்கு வந்து பிறின்ஸுக்கு அதைச் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவன் வேலையால் வந்து கதவைத் தட்டினால், "ஆர் அது? மிஸ்டர் டொயிலோ?" என்பாள்.

சிஞ்ஞோரா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கல்லைப் பார்த்தாயா? திருநாளுக்கு முன்னால் பூட்ட வேண்டும் என்று அந்த மனிதனை விரட்டு விரட்டென்று விரட்டினேன்."

"கழற்றச் சொல்லுங்கள்," என்றான் பிறின்ஸ். அவனுடைய இத்தாலியன் வேலைக்காரன் இத்தாலியன்தான். கோபத்துக்கு அது போதும்.

"எழுத்தில் பிழையா?"

"அல்பேட் என்று இருக்கிறது."

"அது அவளுடைய குடும்பப் பெயர். பெர்மெசோவில் இருப்பதும் அதுதான்."

"எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை."

"எல்லாருக்கும் இருக்கிறது."

"இல்லை. அல்பேட் ஒரு ஆள். மீன் விற்கிறான். அவளைத் தன் பிள்ளை இல்லை என்று சொன்னவன்."

சிஞ்ஞோரா கோப்பையை வைத்தாள். "என் அப்பாவும் நல்லவர் இல்லை. குடிகாரர். என் அம்மாவின் பல்லை உடைத்தவர். அதற்காகப் பெயரை விடுவேனா? அந்தப் பெயர் அவருடையது இல்லை. அவருக்கு ஆயிரம் வருடம் முந்தியது."

"எங்களுடையது ஒரு ஆளோடு முடிந்துவிடும். எனக்குப் பிள்ளை இருந்திருந்தால் அதன் பெயருக்கு முன்னால் பிறின்ஸ். அதன் பிள்ளைக்கு அதன் பெயர்."

"பிறகு எங்கிருந்து வந்தோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதை ஊரில் மறக்க விடமாட்டார்கள், சிஞ்ஞோரா. அதற்குப் பெயர் தேவையில்லை."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "சரி. அல்பேட் வேண்டாம். என்ன எழுத வேண்டும்?"

"பிறின்ஸ் தர்சனா."

"ஓ!" கிழவி சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "அந்த ஆளைத் தூக்கிவிட்டு இந்த ஆளை வைக்க வேண்டும். ஐம்பது வருடம் இந்த ஊரில் ஒவ்வொரு ஆம்பிளையும் என்னிடம் இதைத்தான் கேட்டான். உனக்கு மேலே இடம் வேண்டும், அவளுக்குக் கீழே, சின்ன எழுத்தில்."

"வாயைப் பொத்தடி கிழவி!" தமிழில்தான் கத்தினான். அவளுக்கு விளங்காமல் இருந்திருக்காது. நடைக்குப் போய் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றினான். உடைக்கத்தான் கழற்றினான். தலைக்கு மேலே தூக்கியவன் வரைபடத்தின் கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டான். தர்சனா வெள்ளிக்கிழமை தோறும் துடைத்த கண்ணாடி. மெல்ல இறக்கி, கொண்டுவந்து சிஞ்ஞோராவின் மடியில் வைத்தான்.

"முதல் ஆள். கப்பலில் வந்தவன். அவன் பெயர் என்ன?"

"டூகால்."

"அது கரையில் நின்றவர்கள் பயத்தில் கத்தினது. பஸ்ஸில் என்னைக் கத்துகிற மாதிரி. எனக்கு இன்று காலையும் கிடைத்தது, சும்மா, சட்டம் போடாமல். நான் கேட்கிறது அதில்லை. அவனுடைய தாய் அவனை என்ன என்று கூப்பிட்டாள்?"

சிஞ்ஞோரா மடியிலிருந்த ஊசிகளைப் பார்த்தாள்.

"தெரியாது."

"இவ்வளவு தேடியுமா?"

"அது ஒருவருக்கும் தெரியாது. அது போய்விட்டது."

"தாய் கூப்பிட்டது போய்விட்டது. ஊரான் ஏசினது நிற்கிறது. அதைத்தான் நான் பித்தளையில் துடைக்கிறேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "இந்த வீட்டில் அவளை என்ன என்று கூப்பிட்டீர்கள்?"

சிஞ்ஞோரா வரைபடத்தை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"தர்சனா," என்றாள்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. ரெலிபோனைத் தன் பக்கம் இழுத்துக் கல் வெட்டுகிறவரை அழைத்தாள். பலெர்மோக்காரர்களின் தெருப் பேச்சில் அவள் போட்ட சத்தத்துக்கு வேறு மொழி தேவையில்லை. கல்லை இன்றைக்கே கழற்று. அந்தப் பையன் வருவான், அவன் சொல்வதை வெட்டு. ரெலிபோனை வைத்துவிட்டுப் பிறின்ஸைப் பார்த்தாள்.

"உன் பெயரையும் போடாதே. போட்டால் நானே வந்து உடைப்பேன்."

"போடமாட்டன்," என்றான் தமிழில்.

கல் வெட்டுகிற இடம் கல்லறைக்கு எதிரே ஒரு முற்றம். அடுத்த நாள் காலை பிறின்ஸ் போனபோது கல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. ஸ்ரெல்லா அக்காவும் கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

"மெல்லிய கல்," என்றார் கல் வெட்டுகிறவர். அறுபது வயதிருக்கும். புருவம் வரை வெள்ளைத் தூள். "இந்தப் பக்கத்தில் திரும்ப வெட்ட ஏலாது. பின்பக்கத்தைத் திருப்பி வெட்டலாம். பெயரை எழுது."

பிறின்ஸ் பென்சிலை வாங்கிப் பளிங்கில் எழுதினான். ஒரே அளவில், நடுவில். தர்சனா.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இதில் எது குடும்பப் பெயர்?"

"இல்லை."

"இல்லையென்றால் யாருடைய ஆள் என்று சனத்துக்கு எப்படித் தெரியும்?"

"தெரியத் தேவையில்லை."

"தம்பி," ஸ்ரெல்லா அக்கா மெல்லக் கேட்டாள். "நாளைக்குத் திருப்பலிக்கு எங்கட ஆக்கள் எல்லாம் வருவினம். தேப்பனும் இல்லை, புருசனும் இல்லையெண்டா என்ன கதைப்பினம்?"

"வந்து கதைக்கட்டும். அவள் எழும்பி வந்து மறுமொழி சொல்லமாட்டாள். நான் நிப்பன்."

கல் வெட்டுகிறவர் தோளைக் குலுக்கிவிட்டு உளியை எடுத்தார். முதல் எழுத்து வெட்டி முடிகிறவரை பிறின்ஸ் உளியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. கல்லைத் திருப்பிப் பூட்டினால் அல்பேட் உள்ளே போவான். சீமெந்தில் அவன் ஆணியால் கீறிய பெயரின் மேல் அப்படியே படுப்பான்.

"அந்தப் பக்கத்தை அழிக்க வேண்டும்," என்றான்.

"யார் பார்க்கப் போகிறார்கள்?"

"அழிக்க வேண்டும்."

"இன்னும் பதினைந்து கல் இருக்கிறது எனக்கு. நாளைக்குத் திருநாள். நேரமில்லை."

"மெசினைத் தாருங்கள்."

கல் வெட்டுகிறவர் ஸ்ரெல்லா அக்காவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தமிழ் எழுத்துகளை வெட்டி முடித்து, கல்லைக் கோணித்துணி மேல் மெல்லப் புரட்டி, கிரைண்டரை அவன் கையில் வைத்தார். கண்ணை மூடுகிற கண்ணாடியையும் கொடுத்தார். அவன் அதைப் போடவில்லை.

முதலில் அல்பேட்டின் கடைசி எழுத்தில் வைத்தான். தட்டு சீறியது. வெள்ளைத் தூள் வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் போனது. கறுப்புப் பூச்சு கிளம்பிச் சாம்பல் நிறமாகப் பறந்தது. மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின. ஆழமாக வெட்டியிருந்ததால் அவனும் ஆழமாகப் போக வேண்டியிருந்தது. தாதியின் குரலை அரைத்தான். கோயில் வாசலில் சொன்ன சொல்லை அரைத்தான். வாங்கில் இருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தவனையும் அரைத்தான்.

"போதும்!" என்று கத்தினார் கல் வெட்டுகிறவர். "பெயர் போய்விட்டது. கல் உடையப் போகிறது!"

அவனுக்குக் கேட்டதுதான். கிரைண்டரை நிறுத்தவில்லை.