மாமனார் போட்ட பிரேக்

என் கணவன் பிரவின்குமார் கார் ஓட்டுவது திருப்போரூரில் எங்கள் வீட்டு ஹாலில். மேஜையில் ஸ்டியரிங்கை முடுக்கி, பெடல்களைச் சுவரோடு முட்டக் கொடுத்து, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ஓட்டுவான். காதில் பெரிய ஹெட்போன். அதை மாட்டிவிட்டால் வீடு இடிந்து விழுந்தாலும் தெரியாது.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுகினான்" என்றார் மாமா, அந்த ஸ்டியரிங் வந்து இறங்கிய அன்று. மாமா கோபாலகிருஷ்ணன் கல்பாக்கத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. அதற்கப்புறம் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மகனும் எடுக்கவில்லை. "நைனாவுக்கு இது புடிக்கல" என்று பிரவின் என்னிடம் மட்டும் சொல்வான். தலை நரைக்க ஆரம்பித்த ஆளுக்கு அப்பா வந்து பார்க்கவில்லையே என்று ஏக்கம். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

கூடுவாஞ்சேரியில் தௌசிஃப் என்று ஒருவர் இந்தக் கம்ப்யூட்டர் கார்ப் பந்தயத்துக்கு அணி வைத்திருக்கிறார். அதில் ஓர் இடம் காலி. ஞாயிறு சாயங்காலத் தேர்வில் ஒரு நிமிடம் நாற்பது நொடிக்குள் ஒரு சுற்றை முடித்தால் அந்த இடம் பிரவினுக்கு. அவனோ எப்போதும் அரை நொடி பின்னால். அந்த அரை நொடிக்காக அவன் சாப்பாட்டையே மறந்தான் என்றால் நம்புங்கள்.

"நீதான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல கீறியே, இத கொஞ்சம் பாரு ரோகிணி" என்று ஒருநாள் லேப்டாப்பை என் மடியில் வைத்தான். டெலிமெட்ரி என்றான். எந்த இடத்தில் எவ்வளவு பிரேக், எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கோடு போட்டுக் காட்டும். மற்றவர் பிழையைக் கண்டுபிடித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். கணவன் பிழை என்றால் கேட்கவா வேண்டும்?

பிழை மூன்றாவது வளைவில் இருந்தது. பிரேக் கோடு சரசரவென்று மேலே ஏறி, நிற்க வேண்டிய நேரத்தில் சரிந்தது. "நீ கால எடுக்கறே" என்றேன். "எடுக்கவே இல்ல" என்றான். சண்டை போடுவதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. சில சுற்றுகளில் மட்டும் அந்தக் கோடு சரியாமல் நின்றது. அவையெல்லாம் சாயங்காலம் ஓட்டியவை.

மறுநாள் சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். பிரவின் பிரேக்கை மிதித்தான். பெடல் சுவரில் முட்டி நின்றது. அவன் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி மட்டும் டைல்ஸில் பின்னால் உருண்டது. மிதித்த பலத்தில் பாதி நாற்காலிக்குப் போய்விட்டது. போய்ச் சொல்லலாம் என்று காலெடுத்தபோது, வாக்கிங் முடிந்து மாமா உள்ளே வந்தார். பூனை மாதிரி நடந்து மகனுக்குப் பின்னால் நின்றார். நாற்காலி முதுகை இரண்டு கையாலும் பிடித்தார். வளைவு வந்தது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை முன்னால் தள்ளினார், வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். நாற்காலி அசையவில்லை.

பிரவின் குளிக்கப் போனதும் அவரிடம் கேட்டேன்.

"இன்னா மாமா பண்றீங்க தெனமும்?"

மாட்டிக்கொண்ட முகம். "ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் பஸ்ல எனக்கு எப்பவும் டிரைவருக்குப் பின்சீட்டு தான். அங்க நின்னா அதே மாதிரி கீது."

"காலால தரைய வேற மிதிக்கிறீங்க?"

"டிரைவர் பிரேக் போடும்போது நாம சும்மாவா இருக்க முடியும்? மாமல்லபுரம் வளைவுல நான் எத்தினி தபா போட்டுகீறேன் தெரியுமா? அவன்கிட்ட சொல்லிடாதம்மா."

சொல்லாமல் இருப்பேனா? அன்றைக்கே சொன்னேன். பிரவின் லேப்டாப்பில் அந்தச் சாயங்காலக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெனமுமா வந்தாரு?" என்றான். கண் கலங்கிவிட்டது. தேர்வை வைத்துக்கொண்டு அழுகிற ஆளை என்ன செய்வது?

சனிக்கிழமை கடைக்குப் போய், சக்கரத்துக்கு அடியில் வைக்கிற கறுப்பு ரப்பர் கிண்ணங்கள் வாங்கி வந்து வைத்தேன். நாற்காலி ஆணி அடித்த மாதிரி நின்றது. கோடும் சரியாமல் நின்றது. ஆனால் நேரம் நாற்பதைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது, உள்ளே மட்டும் போகவில்லை.

ஞாயிறு தேர்வுக்கு உட்காரும்போது பிரவின் சொன்னான்: "ரோகிணி, அந்த ரப்பர எடுத்துடு. நைனா புடிச்சுக்கட்டும்."

"லூசா நீ?"

"எடுத்துடுபா."

நான் குனிந்து நாற்காலிக்கு அடியில் கொஞ்ச நேரம் கையை விட்டுவிட்டு எழுந்தேன். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டான்.

"நைனா, வந்து இந்த நாற்காலிய புடிச்சுக்கோ. ஓடிப் போவுது."

"நானா? எனக்கு இன்னாடா தெரியும்?"

"எனக்குத் தெரியும். வந்து பிரேக் போடு."

மாமா என்னை ஒரு முறை முறைத்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பிரவின் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டான். மூன்றாவது வளைவில் "ஏய், ஏய், போடு, போடு!" என்று மாமா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசிச் சுற்று நாற்பதுக்குள் முடிந்தது. மயிரிழையில்தான், ஆனால் உள்ளே. மறு காதில் ஹெட்போன் வழியாகத் தௌசிஃப் வாழ்த்துச் சொன்னதை அவன் சரியாகக் கேட்கக்கூட இல்லை. திரும்பி அப்பாவைக் கட்டிக்கொண்டான்.

"பாரு நைனா, இது நீ போட்ட பிரேக்" என்று கோட்டைக் காட்டினான். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் புடிச்சுகீறேன்" என்றார்.

நான் காபி போட உள்ளே போனேன். ரப்பர் கிண்ணத்தில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. ஓடுகிற மென்பொருளில் கை வைக்காதே என்பது எங்கள் தொழில் தர்மம். மாமா தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் அந்த நாற்காலி அசைந்திருக்காது. பிறகு அந்த மயிரிழை எங்கிருந்து வந்தது? கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அந்த வளைவில் பிரவின் கொஞ்சம் தாமதமாக, பயப்படாமல் மிதித்திருந்தான். அவ்வளவுதான் தெரிந்தது.

இப்போதும் மாமா தினமும் சாயங்காலம் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். ஹாலைப் பெருக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அந்த நாற்காலியை மட்டும் நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கிவிடுகிறேன்.