பூட்டுக்காரர் எடுத்துக்கொண்ட நேரம்

பூட்டுக்காரரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. அப்படி யாராவது சொன்னால் பிரார்த்தனைக் கூடத்துக் குழுவுக்கு மனசு கஷ்டப்படும். அவர் உட்காருகிற பெஞ்சில் காற்று வரவில்லை என்று ஒருத்தர் நகர்ந்தார். தூண் மறைக்கிறது என்று இன்னொருத்தர். கடைசியில் கூடப் பிறந்த அண்ணனே, இடுப்புவலிக்கு முன்வரிசைதான் தோது என்று எழுந்து போனார். எல்லோரும் நெருக்கியடித்த பெஞ்சு இப்போது முழுக்க அவருக்கே. படுத்துக்கொண்டுகூடக் கும்பிடலாம்.

நடந்தது இவ்வளவுதான். ஊர்க் குப்பையை அள்ளுகிற குடும்பங்களும் அதே கூடத்துக்குத்தான் வந்தன. உட்கார்ந்தது கடைசி வரிசையில். ஊரையே சுத்தம் செய்கிறவர்களால் கூடத்துக் கழிப்பறை அசுத்தமாகிறது என்று குழு கண்டுபிடித்தது. கதவுக்குப் பூட்டு போட்டு, சாவியை முன்வரிசை வீடுகளுக்கு மட்டும் கொடுப்பதென்று முடிவு. குழுவின் பொருளாளர் அண்ணன், பூட்டுக்காரன் தம்பி. வேலை வீட்டோடு முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். தம்பி, "இது என்னால ஆகாது" என்றார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே மேடைப்பேச்சு அதுதான். மேடையும் கிடையாது. செயலாளர் எங்கிருந்தோ தள்ளுபடியில் ஒரு குமிழ்ப்பூட்டு வாங்கிவந்து தானே மாட்டினார். அண்ணி கையால் சாப்பிடுகிற ராத்திரிச் சாப்பாடு அதோடு நின்றது.

சாப்பாடுகூடப் பரவாயில்லை. கூட்டம் முடியும்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து நலம் சொல்ல வேண்டும். மனைவி போனபிறகு இன்னொரு மனுஷக் கை அவர்மேல் படுவது அப்போது மட்டும்தான். கடைக்கு வருகிறவர்கள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் கை எப்போதும் சூடாக, சொரசொரவென்று இருக்கும். இப்போதெல்லாம் அந்த நேரம் வந்தால் பூட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவ்வளவு பளிச்சென்ற கண்ணாடி ஊரில் வேறு யாரிடமும் இல்லை.

அன்றைக்கு உரை, திறந்த மனத்தைப் பற்றி. பாதியில் வாட்ச்மேன் குனிந்து வந்து காதோடு சொன்னார்: "உங்க அண்ணன் பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. குமிழ் சும்மா சுத்துது, திறக்கல." சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பூட்டுக்காரர் பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவரும் ஒரு தகடும் எப்போதும் கிடக்கும். கழிப்பறைக்குப் போய்க் குமிழை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். உள்ளே ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. தகட்டைச் செருகி நெம்பினால் கண்ணிமைக்கிற நேரத்து வேலை.

"யாரு?" என்றது உள்ளிருந்து.

"நான்தாண்ணே."

"வேற ஆளே கிடைக்கலையா?"

"தள்ளுபடியில தேடிப் பாத்தாங்க. இல்லையாம்."

உள்ளே ஒரு இருமல். சிரிப்பாகவும் இருக்கலாம். பூட்டுக்காரர் தகட்டை மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒரு திருகாணியைத் தளர்த்தினார். பிறகு அதையே திரும்ப இறுக்கினார்.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"இருக்கா. இன்னும் ஒரு ஆளுக்குச் சேத்துத்தான் சமைக்கிறா. அப்புறம் மிஞ்சுதுன்னு என்னைத் திட்டுறா."

"நீதான வரவேணாம்னே."

"வரவேணாம்னு எங்கடா சொன்னேன்? குழு ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும்னுதான் சொன்னேன்."

"குழு எப்ப கூடுது?"

"அத முடிவு பண்ணத்தான் கூடணும்."

கூடத்தில் உரை, மனத்தின் கதவுகள் என்ற இடத்துக்கு வந்திருந்தது.

"முன்னெல்லாம் நீ மொறச்சாலே பூட்டு திறந்துக்கும். இன்னிக்கு என்ன இவ்வளவு நேரம்?"

"இது வேற மாடல்ணே."

உள்ளே குரல் தணிந்தது.

"வெளிய யாராவது நிக்கிறாங்களா?"

"நான் மட்டும்தான்."

"அப்ப மெதுவாவே பண்ணு."

பண்ணினார். இடுப்புவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, எப்போதுமே இருந்ததில்லை என்று அண்ணன் உள்ளிருந்தே சொன்னார். உள்பக்கக் குமிழை அண்ணன் விடாமல் பிடித்திருப்பது, வெளிப்பக்கக் குமிழ் லேசாக நடுங்குவதிலேயே தெரிந்தது.

செருப்புச் சத்தம் வந்தது. பின்னாலேயே செயலாளர்.

"இன்னுமா முடியல? என்ன வேலைடா பாக்குற நீ?" என்றது உள்ளிருந்து, முன்வரிசைக்கு மாறிவிட்ட குரல்.

பூட்டுக்காரர் தகட்டைச் செருகி நெம்பினார். கதவு திறந்தது. அண்ணன் தம்பியைப் பார்க்காமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பூட்டுக்காரர் பூட்டை மொத்தமாகக் கழற்றி, குமிழ்களைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"திரும்ப எப்ப மாட்டுவ?" என்றார் செயலாளர்.

"ரிப்பேர் பாக்கணுங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"குழு கூடுற வரைக்கும்."

அண்ணனுக்கு மறுபடி இருமல் வந்தது. இருமிக்கொண்டே செயலாளரோடு முன்வரிசைக்குப் போனார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் தன் குழந்தையை இழுத்துக்கொண்டு அவசரமாக வந்தாள். பூட்டு இருந்த ஓட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் தன் பெஞ்சுக்குத் திரும்பினார். கை பிடிக்கிற நேரம் வந்தது. முன்னால் அண்ணன், செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்ப்பதுபோல் கழுத்து கொஞ்சம் அசைந்தது; அந்தக் கழுத்தில் எந்த வலியும் இல்லை, ஆனாலும் முழுசாகத் திரும்பவில்லை.

பூட்டுக்காரர் இந்தமுறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. பாக்கெட்டுக்குள் கைவிட்டு, இரண்டில் எது உள்பக்கக் குமிழ் என்று தடவிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். இரும்பில் சூடு அவ்வளவு நேரம் தங்காது. அது அவருக்குத் தெரியாததல்ல. எல்லோரும் கையை விட்டு எழுந்து வெளியே போகிறவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.