இடிக் கடவுள் கடித்த எலும்பு

ஸ்டெய்ன்வோர் வீட்டு வெள்ளாட்டைச் சனிக்கிழமைதோறும் அறுத்துச் சாப்பிட்டார்கள். ஞாயிறு காலையில் அது தொழுவத்தில் எழுந்து பால் கறக்க நிற்கும். ஐஸ்லாந்தின் தென்கரையில், எங்கள் பள்ளத்தாக்கில், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எரிமலைச் சாம்பல் கொட்டிய வருஷம் அவளுடைய செம்மறிகள் மொத்தமும் போய்விட்டன. மிஞ்சியது ஹ்வீட்டா என்ற இந்த ஒற்றை வெள்ளாடு. பசி தாங்காமல், ஒருநாள் அழுதுகொண்டே அதை அறுத்தாள். இடிக் கடவுள் தோர் தன் ஆடுகளைத் தின்றுவிட்டு, எலும்புகளைத் தோலின் மேல் போட்டு எழுப்புவாராம். அந்தப் பழைய கதையை நினைத்து இவளும் போட்டுவைத்தாள். எழுந்துவிட்டது. அதன் பிறகு வீட்டு முன்னறையிலேயே சாப்பாட்டுக் கடை போட்டு, போகிற வருகிற பயணிகளுக்குக் கிழங்கு போட்ட கறி சூப் ஊற்றிப் பிழைத்தாள். எலும்பை உடைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. போதகர் சிக்மார் ஞாயிறு வழிபாட்டில் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. சனிக்கிழமை இரண்டு கிண்ணம் குடித்தவர் எப்படித் திறப்பார்?

போன கோடைக்கு முந்தின கோடையில் தோரைப் பற்றிப் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. கடவுளாக நடித்தவன் வாரன் என்ற கலிஃபோர்னியாக்காரன். மஞ்சள் டோப்பா, ரப்பர் சுத்தியல். எங்கள் தோருக்குத் தாடியே சிவப்பு, ஆனால் சொன்னால் கேட்கிற கூட்டமா அது! வேஷம் கலைக்காமல் சனிக்கிழமை சாப்பிட வந்தவன், எல்லோரும் பார்க்கத் தொடை எலும்பைப் படக்கென்று கடித்து உடைத்து மஜ்ஜையை உறிஞ்சினான். 

“அடப்பாவி, நீதானடா தோரு! உன் கதையே உனக்குத் தெரியாதா?” என்றாள் ஸ்டெய்ன்வோர்.

“எனக்குக் குடுத்த வசனத்துல ஆடே வரலையே!”

“இது எந்திரிக்கலைன்னா பண்ணையை வித்துட்டு, ரெய்க்யவிக் பட்டணத்துல எவன் வீட்டுலயாவது தரை துடைக்கணும்டா நான்!”

அவள் அழுததைப் பார்த்ததும் அவன் டோப்பாவைக் கழற்றிவிட்டான். மேஜைக்கடியில் தவழ்ந்து எலும்புச் சில்லுகளைப் பொறுக்கி, அவனே தோலின் மேல் அடுக்கினான். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கோடையில் எங்களுக்கு இருட்டு கிடையாது. வெளிச்சத்திலேயே காபி குடித்துக்கொண்டு தொழுவத்து வாசலில் காத்திருந்தோம். 

பால் கறக்கிற நேரத்துக்குத் தோல் அசைந்தது. ஹ்வீட்டா எழுந்தது. பின்னங்காலை நொண்டி நொண்டி நேராக வாரனிடம் போய், அவன் கையிலிருந்த டோப்பாவை மெல்ல ஆரம்பித்தது. அப்பாடா! ஸ்டெய்ன்வோர் வைக்கோலில் பொத்தென்று உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “கடவுளுக்கு நன்றி,” என்றார் போதகர். எந்தக் கடவுளுக்கு என்று யாரும் கேட்கவில்லை.

பழைய கதையிலும் தோர் தங்கிய வீட்டு விவசாயியின் மகன் ஒரு கால் எலும்பை உடைத்துவிட, ஆடு நொண்டியாகும். அந்தக் குற்றத்துக்காக விவசாயியின் பிள்ளைகளைத் தோர் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். இங்கே ஸ்டெய்ன்வோர் தோரையே வேலைக்கு வைத்துக்கொண்டாள். படம் முடிந்ததும் வாரன் திரும்பி வந்தான். இப்போது பாத்திரம் கழுவுகிறான், தாடி வளர்த்திருக்கிறான்; அது சிவப்பாகத்தான் வளர்ந்திருக்கிறது. சனிக்கிழமை வருகிற பயணிகளிடம், “எலும்பை மட்டும் கடிச்சிராதீங்க,” என்று மேஜை மேஜையாகச் சொல்லிவிட்டுத்தான் சூப் ஊற்றுகிறான். ஆடு நொண்டுகிறது, பால் குறையவில்லை.